வலிப்பும் தாய்மையும் – ஓர் அன்னையின் இரு கேள்விகள்

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது ஆன்றோர் வாக்கு. ஆயினும் நோயோடு வாழ்கின்றவர்களும் நம்மிடையே பலர் உள்ளனர். அவர்களுடைய வாழ்வும் குறைவற்றதாக அமைய வழி உண்டா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த ஆராய்ச்சிக்கு எங்களைத் தூண்டியது நம் பள்ளியிலேயே நடந்த ஒரு நிகழ்ச்சி. ஒரு திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில், நம் தங்கை ஒருத்தி திடீரென்று கீழே விழுந்தாள். கை கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை தள்ளியது. "சாவிக்கொத்து கொண்டு வாருங்கள்!" என்று ஒருத்தி கூவினாள். வேறொருத்தி அவள் கையை அழுத்திப் பிடித்தாள். பலர் அஞ்சி விலகினோம். நம் சிஸ்டர் மட்டும் அமைதியாக வந்து, அவள் தலைக்கடியில் ஒரு துணியை மடித்து வைத்து, அவளை ஒருபுறமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அருகில் அமர்ந்திருந்தார். இரண்டு நிமிடங்களில் இழுப்பு நின்றது.

மறுநாள் அவளுடைய தாய் பள்ளிக்கு வந்தார். ஓரிக்கையில் தறி நெய்யும் குடும்பம். "சிஸ்டர், விஷயம் வெளியே தெரியக் கூடாது, உங்களைத்தான் நம்பியிருக்கேன்" என்று முதலில் கேட்டுக்கொண்டார். பிறகு கண்களைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நாளைக்கு இவளுக்கு ஒரு கல்யாணம் ஆகுமா? ஒரு குழந்தை பெத்துக்குவாளா?" என்றார்.

செவிலியம் பயிலும் எங்களுக்கு அன்று விடை தெரியவில்லை. சிஸ்டரின் வழிகாட்டுதலோடு நூல்களையும் மருத்துவ ஆய்வுகளையும் படித்து அறிந்தவற்றை, அத்தாயின் அனுமதியோடு இங்கே தொகுத்துத் தருகின்றோம். அந்தத் தங்கை யார் என்பதை எழுதப் போவதில்லை. அறிந்தவர்களும் சொல்ல வேண்டாம்.

வலிப்பு என்பது யாது?

காக்காய் வலிப்பு என்று ஊரார் சொல்வதை மருத்துவர்கள் கால்-கை வலிப்பு என்கின்றனர். இது பேயின் வேலையும் அன்று. முன்வினைப் பயனும் அன்று. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோயும் அன்று. மூளையில் தோன்றும் மின்னோட்டத்தின் கோளாறே இது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைத் தறியைக் கொண்டு எளிதில் விளக்கலாம். ஒரு பட்டுச் சேலையின் பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் உள்ளன. மிதியை மிதிக்கும்போது ஒரு பகுதி இழைகள் மேலே எழும்ப, மற்றொரு பகுதி கீழே தங்க, நடுவே நாடா ஓடுகிறது. எல்லா இழைகளும் ஒருசேர எழுந்துவிட்டால் நாடா ஓட வழியேது? நெய்தல் நின்றுவிடும். அதுபோலவே, முறையாக மாறி மாறி வேலை செய்ய வேண்டிய மூளையின் நரம்பணுக்கள் ஒரே சமயத்தில் கிளர்ந்தெழும்போது வலிப்பு உண்டாகிறது. கிளர்ச்சி அடங்கியதும் மூளை மீண்டும் தன் வேலையைத் தொடங்குகிறது.

பிறக்கும்போது மூச்சுத் திணறல், தலைக்காயம், மூளைக் காய்ச்சல், நாடாப்புழுவின் முட்டைகள் உணவு வழியே உடலுக்குள் சென்று மூளையில் கட்டியாதல் முதலியன இதற்குரிய காரணங்களுள் சில. சிலருக்குப் பரம்பரைக் கூறும் உண்டு. பலருக்குக் காரணம் புலப்படுவதில்லை. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாகவும், முறையான மருத்துவம் கிடைத்தால் அவர்களுள் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

மாதவிலக்கும் வலிப்பும்

பெண்களின் வலிப்புக்கும் கருப்பைக்கும் தொடர்பு உண்டு என்று மக்கள் நெடுங்காலமாக எண்ணி வந்தனர். 1857-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் கூடிய மருத்துவர் கூட்டமொன்றில், விக்டோரியா மகாராணிக்குப் பிரசவம் பார்த்த மருத்துவரான சர் சார்லஸ் லோகாக், மாதவிலக்கை ஒட்டி வலிப்பு வந்த சில பெண்களுக்குப் பொட்டாசியம் புரோமைடு என்னும் உப்பைக் கொடுத்ததில் குணம் தெரிந்ததாக அறிவித்தார். அவர் எண்ணிய காரணம் தவறு. பெண்ணின் உணர்ச்சிக் கொந்தளிப்பே நோய்க்கு மூலம் என்று அவர் கருதினார். ஆயினும் அவர் கண்ட மருந்தே வலிப்பைக் கட்டுப்படுத்திய முதல் மருந்தாக வரலாற்றில் இடம் பெற்றது. 1912-இல் ஜெர்மனியில் ஹாப்ட்மன் என்பவர் பீனோபார்பிட்டோனின் பயனைக் கண்டறியும் வரை புரோமைடே கைகொடுத்தது.

இன்று உண்மைக் காரணம் தெளிவாகியுள்ளது. பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் என்னும் இரு ஹார்மோன்கள் மாதந்தோறும் ஏறி இறங்குகின்றன. பொதுவாக முதலாவது மூளையின் கிளர்ச்சியை மிகுவிக்கும். இரண்டாவது அதனை அடக்கும். மாதவிலக்குக்கு முந்திய நாட்களில் புரோஜெஸ்ட்ரோன் சட்டென்று குறைவதால், வலிப்பு நோயுள்ள பெண்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு அந்நாட்களில் வலிப்பு மிகுதியாக வருகிறது.

இதனால் நாம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. வலிப்பு வந்த நாளையும் மாதவிலக்கு வந்த நாளையும் வீட்டு நாட்காட்டியிலேயே குறித்து வைத்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூன்று மாதக் குறிப்பு கையில் இருந்தால் மருத்துவர் தகுந்த மாற்றம் செய்வார். வெட்கப்பட்டு மறைத்தால் அந்த வாய்ப்புப் போய்விடும்.

குழந்தை பிறக்குமா?

இனி அத்தாயின் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம்.

இதற்கு விடை காண உலகமே நம் அண்டை மாநிலத்தை நோக்குகிறது. திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில், 1998-ஆம் ஆண்டில் மருத்துவர் சஞ்சீவ் வி. தாமஸ் அவர்களின் முயற்சியால் "கேரள வலிப்பு-கர்ப்பப் பதிவேடு" தொடங்கப்பட்டது. வலிப்பு நோயுள்ள பெண்களைக் கருவுறுவதற்கு முன்பே, அல்லது கருவுற்ற தொடக்க மாதங்களில் பதிவு செய்து, பிரசவம் வரையிலும், பிறந்த குழந்தை வளர்ந்து பள்ளி செல்லும் வயது வரையிலும் தொடர்ந்து கவனிப்பதே இதன் பணி.

இப்பதிவேட்டில் கருவுறுவதற்கு முன்பே சேர்ந்து, குழந்தையை எதிர்பார்த்திருந்த 375 பெண்களைப் பற்றிய ஆய்வு 2010-இல் வெளியாயிற்று. அவர்களுள் 231 பேர் கருவுற்றனர். அதாவது ஐவரில் மூவர். எஞ்சியவர்கள் ஆய்வுக் காலத்துக்குள் கருவுறவில்லை. இதைக் கண்டு மனம் தளர வேண்டாம். ஆய்வாளர்கள் மேலும் நுணுகி நோக்கினார்கள். வலிப்பு மருந்து எதுவும் உண்ணாதவர்களுள் நூற்றுக்கு 7 பேரே கருவுறாதவர்கள். ஒரு மருந்து உண்டவர்களுள் இது ஏறத்தாழ 32. இரண்டு மருந்து உண்டவர்களுள் 41. மூன்றும் அதற்கு மேலும் உண்டவர்களுள் 60. மருந்துகளுள் பழைய பீனோபார்பிட்டோன் உண்டவர்களிடம் இக்குறை குறிப்பிடத்தக்க அளவில் காணப்பட்டது.

"அப்படியானால் மருந்தை நிறுத்திவிடலாமே!" என்று சிலர் எண்ணக்கூடும். அது பெருந்தவறு. மூன்று மருந்து தேவைப்படுவோர் பெரும்பாலும் நோய் கடுமையாக உள்ளவர்களே. ஆகவே குறை முழுவதையும் மருந்தின் மீது சுமத்த இயலாது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதியே பிட்யூட்டரி சுரப்பியின் வழியாகச் சூலகத்துக்குக் கட்டளை அனுப்புகிறது. அடிக்கடி வரும் வலிப்பு இக்கட்டளையைக் குலைக்கிறது. மறுபுறம், சில மருந்துகள் கல்லீரலைத் தூண்டி ஹார்மோன்களை விரைவில் செயலிழக்கச் செய்கின்றன. வால்புரோயேட் உண்ணும் பெண்கள் சிலருக்குச் சூலகத்தில் நீர்க்கட்டிகள் தோன்றி, மாதவிலக்குத் தவறுவதை 1993-இல் பின்லாந்து நாட்டு மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர். எனவே நோயும் அடங்க வேண்டும். மருந்தும் தக்கதாக, இயன்றவரை ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். இதைச் சீர்தூக்கிச் செய்ய வல்லவர் நரம்பியல் மருத்துவரே.

மற்றொரு நற்செய்தியும் உண்டு. அமெரிக்காவில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், கருவுறுதலைத் தடுக்கும் குறை வேறு எதுவும் அறியப்படாத 89 வலிப்பு நோயாளிப் பெண்களும், வலிப்பு இல்லாத 108 பெண்களும் ஒப்பிடப்பட்டனர். ஓராண்டுக்குள் கருவுற்றவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு 60.7, இரண்டாம் பிரிவில் 60.2. வேறுபாடே இல்லை எனலாம்! நல்ல மருத்துவக் கவனிப்பும் பொருத்தமான மருந்தும் கிடைத்தால் வலிப்பு தாய்மைக்குத் தடையாவதில்லை என்பதற்கு இது தக்க சான்று.

கருவுற்ற காலத்தில் மருந்து

"வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஆகாது" என்று சொல்லி, கருவுற்றதும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடும் வழக்கம் நம் ஊர்ப் பக்கத்தில் உண்டு. இதனால் தொடர் வலிப்பு வந்து தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து நேரலாம். மருந்தை நிறுத்துவது வேறு. மருந்தைத் தேர்ந்தெடுப்பது வேறு.

பல நாடுகளின் தாய்மார்களைப் பற்றி 2018-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இத்தேர்வின் பயனைக் காட்டுகிறது. வால்புரோயேட் உண்ட தாய்மாரின் குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 10 குழந்தைகளுக்குப் பெரிய உடற்குறை காணப்பட்டது. லாமோட்ரிஜின், லெவெடிராசெட்டம் ஆகியவற்றை உண்டவர்களின் குழந்தைகளுள் இது நூற்றுக்கு 3 மட்டுமே. இது பொதுவாகப் பிறக்கும் குழந்தைகளிடையே காணப்படும் அளவை ஒட்டியதே. வால்புரோயேட் குழந்தையின் அறிவு வளர்ச்சியையும் பாதிக்கக்கூடும் என்று 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே பெண் குழந்தைகளுக்கும், கருவுறக்கூடிய வயதில் உள்ள பெண்களுக்கும் அம்மருந்தை எழுதித் தரலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவுறுத்தியது. ஏற்கெனவே அதை உண்டு வருபவர்கள் அஞ்சித் தாமாக நிறுத்தக் கூடாது; உடனே மருத்துவரைக் கண்டு முறைப்படி மாற்றிக்கொள்ள வேண்டும்.

மருந்தை மாற்றிச் சரிபார்க்கச் சில மாதங்கள் ஆகும். குழந்தையின் முதுகெலும்பும் இதயமும் உருவாவதோ கருவுற்ற முதல் சில வாரங்களில். பல பெண்கள் தாம் கருவுற்றதை அறிவதற்கு முன்பே! ஆகையால் மருத்துவரைக் காண வேண்டிய காலம், கருவுற்ற பின்னர் அன்று. திருமணம் நிச்சயமாகும்போதே ஆகும். ஃபோலிக் அமில மாத்திரையையும் மருத்துவர் சொல்லும் அளவில் கருவுறுவதற்கு முன்பிருந்தே உண்ண வேண்டும்.

கருவுற்றதும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்யும்போது வலிப்பு நோய் இருப்பதைக் கூறுவது மிகவும் இன்றியமையாதது. இரத்த அழுத்தம் மிகுவதால் கர்ப்பிணிகளுக்கு வரும் வலிப்பு வேறு வகை. அதற்கு மருத்துவமும் வேறு. முன்பே சொல்லி வைத்திருந்தால் மருத்துவர் தடுமாற நேராது. மேலும், கர்ப்பகாலத்தில் லாமோட்ரிஜின் போன்ற மருந்துகளின் அளவு இரத்தத்தில் குறைந்துவிடுவதால், மருத்துவர் அளவைக் கூட்ட வேண்டி வரலாம்.

பிரசவமும் தாய்ப்பாலும்

கேரளப் பதிவேட்டில் உள்ள தாய்மாருள் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கர்ப்பகாலம் முழுவதும் ஒரு முறைகூட வலிப்பு வரவில்லை. கருவுறுவதற்கு முந்திய மாதத்தில் வலிப்பு வந்தவர்களுக்கே கர்ப்பத்திலும் வரும் வாய்ப்புப் பன்மடங்கு மிகுதி. பிரசவத்தை ஒட்டிய மூன்று நாட்களே மிகவும் கவனிக்க வேண்டிய நாட்கள். தூக்கமின்மை, களைப்பு, மாத்திரை தவறுதல் ஆகிய மூன்றும் அப்போது ஒன்றுகூடுகின்றன. எனவே பிரசவம் மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும். மாத்திரைகளையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். வலிப்பு நோய் என்பதற்காகவே அறுவைப் பிரசவம் தேவையில்லை.

தாய்ப்பால் கொடுக்கலாமா? கொடுக்கலாம். வலிப்பு மருந்து உண்ணும் தாயின் பாலை அருந்திய குழந்தைகளின் அறிவு வளர்ச்சிக்குக் குறைவு நேரவில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தரையில் பாய் விரித்து அமர்ந்து பால் கொடுப்பது நல்லது. குழந்தையைத் தனியாகக் குளிப்பாட்டாமல், மாமியாரோ தாயோ உடன் இருக்க வேண்டும். தாய்க்கு இரவில் சில மணி நேரமாவது தொடர்ந்து தூக்கம் கிடைக்கும்படி வீட்டார் முறை வைத்துக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாயின் நோய் குழந்தைக்கும் வருமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது வருவதில்லை.

திருமணமும் உண்மையும்

இனி அத்தாயின் முதற் கேள்வி. இதில்தான் நோயைவிட ஊரார் பேச்சு பெரிய இடையூறாக நிற்கிறது.

சட்டமே ஒரு காலத்தில் இவர்களுக்கு எதிராக இருந்தது. 1976-இல் இந்து திருமணச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அடிக்கடி வலிப்பு வருபவர் ஆணாயினும் பெண்ணாயினும், அவர் திருமணத்துக்குத் தகுதியற்றவர் எனக் கருதப்பட்டார். அத்திருமணத்தை நீக்கும்படி நீதிமன்றத்தில் கேட்கவும் இடமிருந்தது. சிறப்புத் திருமணச் சட்டத்திலும் இதே நிலைதான். 1999-இல் பாராளுமன்றம் இவ்விரு சட்டங்களிலிருந்தும் வலிப்பு என்னும் சொல்லை நீக்கியது. இருபத்து மூன்று ஆண்டுகள் பெண்களை அச்சுறுத்திய சொல் அது! சட்டப் புத்தகத்தை விட்டு அச்சொல் போய்விட்டது. நம் திண்ணைகளை விட்டு இன்னும் போகவில்லை.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய்" என்று ஊரில் ஒரு பழமொழி கூறுவார்கள். "ஆயிரம் பேருக்குப் போய்ச் சொல்லி" என்பதே அவ்வாறு திரிந்துவிட்டது என்று பெரியவர்கள் சிலர் விளக்கம் தருவர். எது எவ்வாறாயினும், இந்நோயைப் பொறுத்தவரை பொய் மிகுந்த தீங்கைத் தருகிறது. திருமணத்துக்கு முன்பே வலிப்பு இருந்த பெண்களைப் பற்றித் திருவனந்தபுரம் மருத்துவர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கு மேற்பட்டோர் நோயை மறைத்தே மணந்திருந்தனர். அவ்வாறு மறைத்தவர்களிடையே மாத்திரை தவறுவதும் மருத்துவரிடம் செல்லாதிருப்பதும் மிகுதியாக இருந்தன. காரணம் வெளிப்படை. புகுந்த வீட்டில் யாரும் பார்க்காமல் ஒரு பெண் எவ்வாறு நாள்தோறும் இருவேளை மாத்திரை விழுங்குவாள்? மாத்திரை தவறினால் வலிப்பு வரும். வலிப்பு வந்தால் மறைத்தது வெளிப்படும். எதற்கு அஞ்சினார்களோ அதுவே நடக்கும். கருவுறுவதற்கு முன் மருந்தை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பையும் அந்த ஒரு பொய் பறித்துவிடுகிறது.

ஆகவே பெற்றோர்களுக்கு எங்கள் பணிவான வேண்டுகோள் இது. பெண்ணுக்கு முதலில் கல்வியும் ஒரு தொழிலும் கொடுங்கள். திருமணப் பேச்சு வரும்போது மாப்பிள்ளை வீட்டாரிடம் உண்மையைச் சொல்லுங்கள். கூடுமானால் மணமகனையும் மருத்துவரிடம் அழைத்துச் சென்று அவர் வாயாலேயே கேட்கச் செய்யுங்கள். விலகிப் போகிறவர்கள் போகட்டும். தெரிந்து வருகிறவரே நோயிலும் நலத்திலும் துணை நிற்பார். மகனைப் பெற்றவர்களுக்கும் ஒரு சொல்: உங்கள் வீட்டு வாயிலில் ஒரு குடும்பம் உண்மையைச் சொன்னால், அதைக் குறையாக எண்ணாதீர்கள். உண்மை பேசுகின்ற வீட்டில் பெண் எடுப்பது பெரும் பேறு.

நாம் செய்ய வேண்டியவை

மாணவத் தோழியரே! யாருக்கேனும் வலிப்பு வந்தால் சாவிக்கொத்தையும் வெங்காயத்தையும் தேடி ஓட வேண்டாம். இரும்புக்கு வலிப்பை நிறுத்தும் ஆற்றல் இல்லை. வலிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே நிற்கும். கூட்டத்தை விலக்குங்கள். தலைக்கடியில் மென்மையான துணி வையுங்கள். ஒருபுறமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். நன்றாகத் தெளியும் வரை தண்ணீரும் புகட்டாதீர்கள். நேரத்தைப் பாருங்கள், 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, தெளியாமலே மீண்டும் வந்தாலோ, கர்ப்பிணிக்கு வந்தாலோ 108-ஐ அழையுங்கள்.

இந்நோய் உள்ள தங்கையர் அடுப்பு, கிணறு, மொட்டைமாடி ஆகியவற்றின் அருகே தனியாக இருத்தல் கூடாது. தேர்வுக் காலத்தில் இரவு கண் விழித்துப் படிப்பதும், விரதம் என்று மாத்திரையை விடுவதும் கூடவே கூடாது. அரசு மருத்துவமனைகளில் வலிப்பு மாத்திரைகள் விலையின்றிக் கிடைக்கின்றன. ஆகவே வறுமை காரணமாக மருந்து நின்றுபோகத் தேவையில்லை.

நாங்கள் அறிந்த இவற்றையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, சிஸ்டரோடு சென்று அத்தாயிடம் படித்துக் காட்டினோம். அவர் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். முடிவில், "அப்போ இவளை டாக்டர் கிட்ட ஒழுங்கா கூட்டிட்டுப் போனா, எல்லாரையும் மாதிரி இருப்பாளா?" என்றார். "பெரும்பாலும் இருப்பாள், அம்மா. ஆனால் மறைக்காமல் இருக்க வேண்டும்" என்றார் சிஸ்டர். அடுத்த வாரமே அவர் மகளை நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். நம் தங்கை இப்போது மாத்திரையை ஒழுங்காக உண்டு, வழிபாட்டுக் கூட்டத்தில் மற்றவர்களோடு முதல் வரிசையில் நிற்கிறாள்.

ஆண்டுதோறும் நவம்பர் 17-ஆம் நாள் நம் நாட்டில் வலிப்பு நோய் விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த ஒரு நாளில் மட்டுமன்றி எந்நாளும், விழுந்தவளைத் தாங்கும் கைகளாகவும் அவள் மறைவைத் தூற்றாத நாவாகவும் நாம் இருப்போம். அறியாமை அகல்க! அன்பு பெருகுக!

– பன்னிரண்டாம் வகுப்பு, செவிலியப் பிரிவு மாணவியர்